அலாஸ்கா குரூஸ்: கரையிறங்கும் நாட்களைத் திட்டமிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டிலில் இருந்தோ வான்கூவரில் இருந்தோ கிளம்பும் ஏழு நாள் அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் போட்டவர்கள் அடுத்தடுத்துக் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்து, எளியதில் தொடங்கி சிக்கலானது வரை தொகுத்திருக்கிறோம். தென்கிழக்கு அலாஸ்காவில் கடைசி முடிவை எடுப்பது வானிலை. மேகம் இறங்கிவிட்டால் பறப்பதெல்லாம் நின்றுபோகும். ஆகவே எந்த டூர் என்று யோசிக்கும்போதே அதை எந்த ஊரில், எந்த வரிசையில் வைப்பது என்றும் யோசியுங்கள். கீழே உள்ள பல பதில்கள் இதைச் சுற்றித்தான் வரும்.

ஷோர் எக்ஸ்கர்ஷன்னா என்ன? எடுத்தே ஆகணுமா?

கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் கரையிறங்கிப் போகும் டூர்தான் ஷோர் எக்ஸ்கர்ஷன். குரூஸ் டிக்கெட்டில் இது சேராது, தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாயம் எதுவும் இல்லை. ஜூனோ, கெச்சிகன், ஸ்காக்வே மூன்றிலும் பெரும்பாலான கப்பல்கள் ஊரை ஒட்டியே நிற்கின்றன. இறங்கி நடந்தாலே அரை நாள் நன்றாகப் போகும்.

ஆனால் பனியாற்றின் மேல் கால் வைப்பது, திமிங்கிலம் பார்ப்பது, மலை ரயில் ஆகியவற்றுக்கு டூர் எடுத்தே ஆக வேண்டும். எல்லா ஊரிலும் ஏதோ ஒன்றை எடுத்துச் செலவைப் பரப்புவதைவிட, இரண்டு பெரிய அனுபவங்களுக்குப் பணத்தை வைத்துவிட்டு மற்ற ஊர்களை நடந்தே பார்ப்பது நல்லது.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை ஓடும். மே மாதத்தில் மழை குறைவு, மலைகளில் பனி நிறைய இருக்கும், விலையும் கூட்டமும் குறைவு; ஆனால் சால்மன் மீன்கள் இன்னும் ஆற்றில் ஏறியிருக்காது, அதனால் கரடி பார்ப்பது கடினம். ஜூன், ஜூலையில் பகல் மிக நீளம். ஜூன் கடைசியில் ஜூனோவில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், எனவே மாலை ஆறு மணி டூரும் பகல் டூர்தான். சால்மன், கரடி இரண்டும் வேண்டுமென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. செப்டம்பரில் மழை கூடிவிடும்.

வட துருவ ஒளி தெரியுமா?

ஜூன், ஜூலையில் வானம் முழுதாக இருட்டுவதே இல்லை, ஆகவே தெரியாது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வானம் திறந்திருந்தால் வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பி தேதியை முடிவு செய்யாதீர்கள். அந்த மாதங்களில் மேகம்தான் அதிகம்.

எந்த ஊர்ல எதுக்குக் காசு செலவு பண்ணலாம்?

ஜூனோவில் திமிங்கிலம், பனியாறு இரண்டும் உண்டு. மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ.; திமிங்கிலப் படகுகள் கிளம்பும் ஆக் பே அதே திசையில் இருப்பதால், இரண்டையும் சேர்த்த டூர் நேரத்துக்கும் பணத்துக்கும் சிக்கனம். ஹெலிகாப்டரில் பனியாற்றில் இறங்குவதும், அங்கேயே நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் போவதும் இங்கிருந்துதான் அதிகம் நடக்கின்றன.

ஸ்காக்வேயில் வைட் பாஸ் ரயில். 1897–98 தங்க வேட்டைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இந்த மலைக் கணவாய்களைத் தாண்டி கனடாவின் யூகான் பகுதிக்குப் போனார்கள். ஓராண்டு உணவோடு ஒரு டன் அளவுக்குச் சாமான் இருந்தால்தான் கனடா போலீஸ் எல்லையைத் தாண்ட விட்டது. அந்தக் கூட்டத்துக்காக 1898-இல் தொடங்கி 1900-இல் முடிக்கப்பட்ட பாதைதான் இந்த ரயில். ஊருக்குள் இருக்கும் தேசியப் பூங்கா அலுவலகத்தில் இந்த வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். ரயில் ஏறும் முன் அரை மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள். பார்த்துவிட்டு ஏறினால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒற்றையடிப் பாதை என்ன என்பது புரியும்.

கெச்சிகனில் நடையே போதும். ஓடையின் மேல் மரத்தூண்களில் நிற்கும் கிரீக் ஸ்ட்ரீட், சால்மன் ஏறும் இடம், மரத்தில் உருவங்கள் செதுக்கிய பழைய டோட்டம் கம்பங்களைப் பாதுகாக்கும் டோட்டம் ஹெரிடேஜ் சென்டர் எல்லாம் நடந்து போகும் தூரம். காசு செலவழிப்பதென்றால், செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல்நீர் புகுந்த பகுதியான மிஸ்டி ஃபியோர்ட்ஸ். சில கப்பல்கள் ஊரில் நிற்காமல் 11 கி.மீ. தள்ளி வார்டு கோவில் நிற்கும். அங்கிருந்து இலவச பஸ் உண்டு, ஆனால் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட் என்பது அலாஸ்காப் பழங்குடியினரான டிலிங்கிட் மக்களின் ஊரான ஹூனாவை ஒட்டிய துறைமுகம், அவர்களுடைய ஹூனா டோட்டம் நிறுவனமே நடத்துகிறது. உங்கள் கப்பல் அங்கே நின்றால், திமிங்கில டூரை ஜூனோவில் எடுக்காமல் இங்கே எடுங்கள். திமிங்கிலங்கள் இரை தேடும் பாயின்ட் அடால்ஃபஸ் பக்கத்திலேயே இருப்பதால் படகுப் பயணம் குறைவு, பார்க்கும் நேரம் அதிகம். சிட்காவில் ரஷ்யர்கள் ஆண்ட காலத்துத் தடங்களும், காட்டுக்குள் டோட்டம் கம்பங்கள் நிற்கும் நடைபாதையும் உண்டு.

கிளேசியர் பே அன்னைக்கு எங்க இறக்கி விடுவாங்க?

எங்கும் இறக்கமாட்டார்கள். கப்பல் காலையில் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, பனியாறுகளைக் காட்டிவிட்டு மாலையில் வெளியே வரும். ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். ஹப்பர்ட் பனியாறு, எண்டிகாட் ஆர்ம் நீர்வழி நாட்களும் இப்படிக் கப்பலிலிருந்தே பார்ப்பவைதான். டூர் செலவு இல்லை, ஆனால் முழுப் பயணத்திலும் பெரிய நாள் இதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஸ்பா, சிறப்பு விருந்து எதையும் பதிவு செய்துவிடாதீர்கள்.

பனி உடைஞ்சு விழறதைப் பாக்க எங்க நிக்கணும்?

கிளேசியர் பேயில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் சுமார் ஒரு மணி நேரம் நிற்கும். ஏறத்தாழ 1.6 கி.மீ. அகலம், நீருக்கு மேல் 75 மீட்டர் உயரம் கொண்ட பனிச்சுவர் அது. கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார்கள், எனவே பால்கனி எந்தப் பக்கம் என்று கவலை வேண்டாம். முன்பக்க டெக் திறந்திருந்தால் முதலில் அங்கே போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் சத்தத்தில் பாதி போய்விடும்.

காதை நம்பித் திரும்பாதீர்கள். கப்பல் 400 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். இடி போன்ற சத்தம் கேட்டுத் திரும்பும்போது பனி தண்ணீருக்குள் போயிருக்கும். சுவரில் புதிதாகத் தெரியும் அடர் நீலப் பகுதியையும், சின்னச் சின்னத் துண்டுகள் உதிரும் இடத்தையும் கண்வைத்துப் பாருங்கள். ஒருமுறை உதிர ஆரம்பித்த இடத்தில் பெரிய துண்டு பின்னாலேயே வருவது உண்டு. பைனாக்குலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது, 8×42 அளவு போதும்.

டூரை கப்பல் கம்பெனிகிட்டயே எடுக்கணுமா, வெளியில எடுத்தா மலிவா?

வெளியில் எடுத்தால் பெரும்பாலும் விலை குறைவு, கூட்டமும் சிறியது. கப்பல் வழியாக எடுத்தால் டூர் தாமதமானாலும் உங்களைக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளி டூரில் வந்தவருக்காகக் கப்பல் காத்திராது. துறைமுகத்துக்கே கப்பல் போகாமல் விட்டுவிட்டால், கப்பல் டூர் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பும். வெளி நிறுவனத்தில் அப்படித் திருப்புவார்களா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம்: ஊருக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவதை வெளியில் எடுங்கள். ஊரைவிட்டு வெகுதூரம் போவது, எல்லை தாண்டுவது, கப்பல் கிளம்பும் நேரத்தை ஒட்டி முடிவது ஆகியவற்றைக் கப்பல் வழியாக எடுங்கள்.

எவ்வளவு ஆகும்? எப்போ புக் பண்ணணும்?

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அளவு தெரிவதற்காக மட்டும் சொல்கிறோம். திமிங்கிலப் படகு ஒருவருக்கு 150 முதல் 250 டாலர், ஸ்காக்வே ரயில் 150 டாலரை ஒட்டி, ஹெலிகாப்டரோடு நாய்ச் சறுக்கு வண்டி 600 டாலருக்கு மேல். வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டர், சின்னப் படகுத் திமிங்கில டூர் இரண்டும் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கேபின் உறுதியானதும் இவற்றை முதலில் போடுங்கள். நகரப் பேருந்து டூர், கேபிள் கார் போன்றவற்றுக்கு முன்பதிவு வேண்டாம், அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டு எடுத்தால் போதும்.

கப்பல் 7 மணிக்கு வந்து 1.30-க்குப் போகுது. 4 மணி நேர டூர் போகலாமா?

போகலாம், ஆனால் வேறெதற்கும் நேரம் இராது. 1.30 கிளம்பும் நேரம் என்றால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வழக்கமாக 1 மணி. 7-க்குக் கப்பல் கட்டினாலும் இறங்கும் பாலம் திறந்து வெளியே வர 7.30 ஆகலாம். எனவே கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். 8-க்குத் தொடங்கும் நான்கு மணி நேர டூர் 12-க்கு முடியும், ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தைத் தொடாதீர்கள். வெளி டூர் என்றால் கடைசி இரண்டு மணி நேரம் காலியாக இருப்பது நல்லது.

கடிகாரத்தையும் பாருங்கள். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. போன் தானாக மாறும், சில சமயம் தவறாகவும் மாறும். கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றா என்று முந்தின இரவே கேட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வையுங்கள்.

எவ்வளவு குளிரும்? பெரிய ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கினா போதுமா?

கோடையில் ஊர்களில் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பனியாற்றின் முன் திறந்த டெக்கில் காற்றோடு சேர்ந்து ஐந்து டிகிரிபோல உறைக்கும். ஒரு கனமான ஸ்வெட்டரால் வேலை ஆகாது. நனைந்தால் அது காய ஒரு நாள் ஆகும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடலை ஒட்டி, பருத்தி அல்லாத தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே தலைமூடி உள்ள, தண்ணீர் புகாத ஜாக்கெட். காதை மூடும் தொப்பி, கையுறை, இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் குளிரை ஏற்றிக்கொண்டே இருக்கும். குடையும் வேண்டாம், படகிலும் டெக்கிலும் காற்று அதைப் பிய்த்துவிடும்.

எங்கம்மா புடவை தவிர வேற எதுவும் கட்ட மாட்டாங்க. பரவாயில்லையா?

கப்பலுக்குள்ளும் ரயிலிலும் பிரச்சினை இல்லை. உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலில் ஷூ, மேலே முழங்காலுக்குக் கீழே வரும் மழைக்கோட்டு போட்டால் குளிர் தாங்கும். ஆனால் தண்ணீரில் இறங்கும் சிறு விமானமான ஃப்ளோட் பிளேனில் மிதவையில் கால் வைத்துக் குறுகிய ஏணியில் ஏற வேண்டும். ஹெலிகாப்டர் டூரில் ஷூவுக்கு மேலேயே பனிக்கான பெரிய பூட்ஸ் மாட்டுவார்கள். சுழலும் விசிறிக்குக் கீழே தலைப்பு பறக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் பேன்ட்டோ சல்வாரோ போட்டே ஆக வேண்டும், துப்பட்டா இல்லாமல்.

மழை பெஞ்சா டூர் கேன்சலா?

மழைக்காக எதுவும் நிற்காது. கெச்சிகனில் ஆண்டுக்கு 3,800 மி.மீ. அளவில் மழை, சென்னையில் பெய்வதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மழைக்கு நின்றால் அங்கே தொழிலே நடக்காது. படகு, பஸ், ரயில், நடை எல்லாம் நடக்கும், மழை நாளில் அருவிகள் இன்னும் பெருகும். நிறுத்துவது தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும் பலத்த காற்றும்தான், அவை நிறுத்துவது ஹெலிகாப்டரையும் ஃப்ளோட் பிளேனையும். ஊரில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மேகம் உட்கார்ந்து ஹெலிகாப்டர் ரத்தாவது சகஜம்.

மிஸ்டி ஃபியோர்ட்ஸுக்கு விமானமும் உண்டு, படகும் உண்டு. விமானம் இரண்டு மணி நேரத்தில் முடியும், ஆனால் வானம் மனசு வைக்க வேண்டும். படகு அரை நாளுக்கு மேல் பிடிக்கும், மேகத்திலும் போகும்.

ஹெலிகாப்டருக்கு எடை பாப்பாங்களாமே?

ஆமாம், உடையோடும் ஷூவோடும் சேர்த்து நிறுத்துவார்கள். விமானத்தின் சமநிலைக்காக யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், அதனால் ஜன்னல் சீட் கேட்டு வாங்க முடியாது. 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோவுக்கு மேல் இருந்தால் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். பதிவு செய்யும்போதே சரியான எடையைச் சொல்லுங்கள்.

கைப்பை, முதுகுப்பை ஏற்றமாட்டார்கள். போன், கேமரா மட்டும். கறுப்புக் கண்ணாடி அவசியம், பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மேகமூட்டத்திலும் கண்ணை உறுத்தும். பனியாற்றில் நடக்கும்போது வழிகாட்டி காட்டும் பாதையைவிட்டு இரண்டடி கூட விலகாதீர்கள். மேலே மெல்லிய பனி மூடிய பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது.

ஹெலிகாப்டரை எந்த ஊர்ல வச்சா சேஃப்?

ஜூனோ, ஸ்காக்வே இரண்டிலும் உண்டு. உங்கள் கப்பல் எந்த ஊருக்கு முதலில் போகிறதோ அங்கே போடுங்கள். அங்கே ரத்தானால் அன்று மாலையே அடுத்த ஊரில் இடம் இருக்கிறதா என்று கப்பலின் டூர் மேசையில் கேட்கலாம். கடைசி ஊருக்கு வைத்து அங்கேயும் மேகம் இறங்கினால் அவ்வளவுதான். ஒரே நாளில் ஹெலிகாப்டரும் திமிங்கிலமும் என்றால் ஹெலிகாப்டரை முதலில் வையுங்கள். காலையில் மேகம் விலகத் தாமதமானால் கொஞ்சம் தள்ளிப்போட இடம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

திமிங்கிலம் கண்டிப்பா தெரியுமா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜூனோவிலும் ஐசி ஸ்ட்ரெய்ட்டிலும் தெரியாமல் போவது அபூர்வம். குளிர்காலத்தை ஹவாயில் கழித்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடையில் இங்கே வந்து இரை தின்று கொழுக்கின்றன. சில நிறுவனங்கள் தெரியாவிட்டால் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்புவதாகச் சொல்லும். எவ்வளவு, எப்படி என்று படித்துப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எகிறிக் குதிப்பதை மட்டும் யாரும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் தெரிவது நீராவிப் பீய்ச்சல், வளையும் முதுகு, பிறகு செங்குத்தாக எழுந்து மறையும் வால்.

கூட்டமாக மீன் பிடிக்கும் காட்சி கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலில் கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிடும். நீரில் குமிழிகள் வளையமாக எழும். அந்த வளையத்துக்குள்ளிருந்து நாலைந்து திமிங்கிலங்கள் வாயைப் பிளந்தபடி ஒன்றாக மேலே வரும். பறவைகள் கூடும் இடத்தில் கேமராவை வைத்துக் காத்திருங்கள். ஹம்ப்பேக்குக்கு 100 கஜம், அதாவது 91 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். படகோட்டியை இன்னும் பக்கத்தில் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ரயில்ல எந்தப் பக்கம் உட்காரணும்?

ஏறும்போது ரயில் போகும் திசையைப் பார்த்து இடப்பக்கம். பள்ளத்தாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விரியும். வலப்பக்கம் கிடைத்தாலும் வருந்த வேண்டாம். உச்சியில் இருக்கையின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளி, எதிர்வரிசையில் இருப்பவரோடு இடம் மாறிக்கொள்வது வழக்கம். மூன்றடி அகலத் தண்டவாளத்தில் 32 கி.மீ. ஓடி 873 மீட்டர் ஏறுகிறது. போய்த் திரும்ப இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், உச்சியில் இறங்க முடியாது. பெட்டிகளின் முனையில் திறந்த மேடை உண்டு. படம் எடுக்க அங்கே போங்கள், ஆனால் வளைவில் கைப்பிடியை விடாதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க வீசா மட்டும் போதுமா?

போதாது. சியாட்டிலில் கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பலும் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் வழியில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். ஆகவே இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா வீசாவும் வேண்டும். விக்டோரியாவில் இறங்கப்போவதில்லை என்று சொன்னால் எடுபடாது. சியாட்டிலில் ஏறும்போதே சரிபார்த்து நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க வீசா பல முறை நுழையக்கூடியதாக இருக்கட்டும்.

அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்போருக்கு 2022 ஏப்ரலிலிருந்து கனடா வீசா வேண்டாம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருந்தால் போதும். எச்-1பி போன்ற வீசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, கனடா வீசா எடுக்க வேண்டும்.

சுத்த சைவம். டூர்ல சாப்பாடு கிடைக்குமா?

கப்பலில் கிடைக்கும். இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே எழுதிச் சொல்லி, ஏறிய முதல் நாள் இரவு உணவக மேலாளரிடமும் நேரில் சொல்லுங்கள். டூரில்தான் சிக்கல். சாப்பாடு சேர்ந்த டூர் என்றால் பெரும்பாலும் சால்மன் சுட்டுக் கொடுப்பார்கள், சைவருக்கு சாலடும் ரொட்டியும்தான் மிஞ்சும். சாப்பாடு சேராத டூரை எடுத்து, காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிஸ்கட், கடலை மிட்டாய், முறுக்கு போன்ற பாக்கெட் தின்பண்டம் கையில் எடுத்துப் போகலாம். பழம், சமைத்த உணவு கப்பலிலிருந்து இறக்கக் கூடாது. கரடி வரும் இடங்களில் எந்த உணவும் பையில் இருக்கக் கூடாது. வாசனைக்குக் கரடி வந்து பழகிவிட்டால் கடைசியில் அந்தக் கரடியைத்தான் சுட வேண்டி வரும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அவருக்கு என்ன இருக்கு?

ரயில் அவருக்காகவே அமைந்தது. சக்கர நாற்காலி ஏற்றும் வசதியும் உண்டு, முன்பதிவில் கேட்க வேண்டும். மெண்டன்ஹாலில் பனியாறு தெரியும் இடம் வரை சமமான தளம் போட்ட குறுகிய பாதை இருக்கிறது. ஜூனோ துறைமுகத்தை ஒட்டிய கேபிள் கார் சுமார் 550 மீட்டர் உயரத்துக்கு ஆறு நிமிடத்தில் ஏற்றிவிடும். ஆனால் கீழிருந்து பார்க்கும்போது மேல் நிலையம் தெரியாவிட்டால் டிக்கெட் வாங்காதீர்கள், மேலே போனாலும் வெள்ளைச் சுவர்தான். திமிங்கிலத்துக்கு, உட்காரும் அறையும் கழிப்பறையும் உள்ள பெரிய படகைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் படகு வேண்டாம், அது முதுகையும் முழங்காலையும் உலுக்கிவிடும்.

கடல் ஆட்டம் ஒத்துக்காது. வாந்தி வருமா?

தீவுகளுக்கு இடையே போகும் இன்சைட் பாசேஜில் தண்ணீர் ஏரிபோல இருக்கும். ஆட்டம் வருவது திறந்த கடலில்: சியாட்டில் கப்பல்கள் பல வான்கூவர் தீவுக்கு மேற்கே வெளிக்கடலில் போகும் முதல் இரவிலும், திரும்பும் வழியிலும், அலாஸ்கா வளைகுடாவைத் தாண்டும்போதும். பயமிருந்தால் வான்கூவரில் கிளம்பும் கப்பலையும், நடுப்பகுதியில் கீழ்த்தளக் கேபினையும் தேர்ந்தெடுங்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு, ஒரு மணி நேரம் முன்பே மருத்துவர் சொன்னதைப் போடுங்கள்.

மெண்டன்ஹாலுக்கு நாமளே டவுன் பஸ்ல போயிடலாமா?

போகலாம். ஆனால் நகரப் பேருந்து பார்வையாளர் மையத்துக்குச் சுமார் 2.4 கி.மீ. முன்னாலேயே நின்றுவிடும், மீதியை நடக்க வேண்டும். வாசல் வரை போகும் தனியார் பஸ்களுக்கு அனுமதி எண்ணிக்கை அளவானது, சீசன் நடுவில் இடம் தீர்ந்துவிடும். போனால் 115 மீட்டர் உயர நக்கெட் அருவி வரை நடங்கள். போய்வர 3.2 கி.மீ., ஏற்றம் இல்லை. பனியாறு ஏரியைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருப்பதால் பழைய படங்களில் பார்த்த அளவுக்குப் பக்கத்தில் இராது.

எண்டிகாட் ஆர்முக்கு சின்னப் படகு டூர்னு ஒண்ணு இருக்கே, கப்பலே அங்கதானே போகுது?

பணம் கொடுக்கத் தகுந்த டூர் இது. குறுகிய நீர்வழியில் மிதக்கும் பனிக்கட்டி அதிகமானால் பெரிய கப்பல் பாதியில் திரும்பிவிடும். சின்னப் படகு அந்தக் கட்டிகளுக்கு நடுவே புகுந்து டாஸ் பனியாற்றின் அருகே போகும். நீர்வழியின் வாயிலில் படகு கப்பலோடு ஒட்டி நின்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும், டூர் முடிந்ததும் ஜூனோவில் கப்பலிடம் சேர்த்துவிடும். எனவே ஜூனோவில் உங்களுக்கு மிஞ்சும் நேரம் குறையும், அங்கே மதியத்துக்கு வேறெதையும் போடாதீர்கள். கப்பல் வழியாக மட்டுமே இதைப் பதிய முடியும். 2025 ஆகஸ்டில் இதேபோன்ற இன்னொரு நீர்வழியான டிரேசி ஆர்மில் பெரிய மலைச்சரிவும் அதனால் பேரலையும் ஏற்பட்ட பிறகு பல கப்பல்கள் எண்டிகாட்டுக்கு மாறியுள்ளன. பழைய டூர் விவரங்களில் டிரேசி ஆர்ம் என்று இருந்தால் இப்போதைய வழி எது என்று கேளுங்கள்.

ஸ்காக்வேல கார் எடுத்து யூகான் போயிட்டு வரலாம்னு நினைக்கிறோம். நடக்குமா?

நடக்கும், அழகான பாதை. ரயில் உச்சியோடு திரும்பினால் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். சாலையில் போனால் கனடாச் சோதனைச் சாவடி, திரும்பும்போது அமெரிக்கச் சாவடி இரண்டும் உண்டு. மேலே சொன்ன வீசாக்கள் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும், கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். வாடகைக் காரை எல்லை தாண்ட அனுமதிக்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஆள் ஏமாறும் இடம் கடிகாரம். கோடையில் யூகான் நேரம் அலாஸ்காவைவிட ஒரு மணி முந்தியது. எல்லை தாண்டியதும் போன் ஒரு மணி கூட்டிக் காட்டும், திரும்பும்போது சில சமயம் உடனே மாறாது. எமரால்டு ஏரி வரை போய்த் திரும்புவதற்குச் சாவடி வரிசையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்பது எட்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால், வழியில் வரும் கார்கிராஸ் ஊரோடு திரும்பிவிடுங்கள்.

ஒருவேளை கப்பலைத் தவற விட்டுட்டா?

கெச்சிகனுக்கும் ஜூனோவுக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம் அல்லது ஃபெர்ரி பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போக வேண்டும். உடனே துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரைத் தொடர்புகொள்ளுங்கள். அவர் எண் தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், இறங்கும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் இரண்டு நாள் மாத்திரையும் ஒரு கடன் அட்டையும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். போனை ஊரில் மட்டும் திறந்து, கப்பல் ஏறியதும் ஏரோபிளேன் மோடில் வைத்துவிடுங்கள். கடலில் கப்பலின் செல் கோபுரத்தோடு இணைந்தால் சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது, நிமிடக் கணக்கில் பில் ஏறும்.